நிலமளந்த லாம்டன்

திருப்பூரிலிருந்து தென்கிழக்கே காங்கேயம் நோக்கிச் செல்லும் சாலையில் பேருந்திற் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காண்பர். சாலையோரப் பனைமரங்கள் விரைந்து பின்னே ஓடும். சற்றுத் தொலைவில் உள்ள தோட்டத்து வீடுகள் மெல்லப் பின்செல்லும். அடிவானத்தை ஒட்டி நிற்கும் குன்றுகளோ நெடுநேரம் உடன் வருவனபோல் தோன்றும். உண்மையில் மரமும் ஓடவில்லை. குன்றும் உடன் வரவில்லை. காண்பவர் இடம் மாறுதலால் காணப்படும் பொருளும் இடம் மாறியதுபோல் தோன்றுகின்றது. அருகில் உள்ளது மிகுதியாகவும் தொலைவில் உள்ளது குறைவாகவும் பெயர்ந்து தோன்றும். இதனை இடமாறு தோற்றம் என்பர்.

சிறுவரும் கண்டு மகிழும் இக்காட்சியில் ஒரு பெரிய உண்மை பொதிந்துள்ளது. ஒரு பொருளை ஈரிடங்களிலிருந்து நோக்கி, அவ்விரு நோக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் செம்மையாக அளந்தால், அப்பொருளை அணுகாமலே அதன் தொலைவையும் உயரத்தையும் அறியலாம். இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு பாரத நாட்டின் நிலப்பரப்பை அளக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் 1806-ஆம் ஆண்டில் கொங்கு நாட்டிற்கும் வந்து, இம்மண்ணில் ஒரு கோட்டினை அளந்தார்.

இளமை

லாம்டன் இங்கிலாந்து நாட்டின் யார்க்ஷயர் பகுதியில் 1753-ஆம் ஆண்டை ஒட்டி எளிய குடும்பமொன்றில் தோன்றினார். செல்வமோ உயர்ந்தோர் உறவோ அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் கணிதத்தில் அவருக்கு இருந்த ஆர்வம் அளவற்றது. 1781-இல் படையிற் சேர்ந்து அமெரிக்கா சென்றார். அங்கே கனடா நாட்டின் நியூ பிரன்சுவிக் பகுதியில் நில அளவைப் பணியில் ஈடுபட்டுப் பயிற்சி பெற்றார். சூரிய கிரகணம் ஒன்றைத் தக்க காப்பின்றி உற்று நோக்கியமையால் அவருடைய ஒரு கண் பழுதுற்றது. அதனால் அவர் ஊக்கம் குன்றவில்லை. எஞ்சிய கண்ணைக் கொண்டே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான கோணங்களை நோக்கியளந்தார்.

அமெரிக்காவில் அவர் அமைதியாகப் பல ஆண்டுகள் கழித்தார். உடன் பணிபுரிந்தோர் பதவியுயர்வை நாடி அலைந்த காலத்தில், லாம்டன் கணித நூல்களையும் வானநூல்களையும் கற்றார். அக்கல்விக்குப் பயன் விளையும் காலம் அவருடைய நாற்பது வயதிற்குப் பின்னரே வந்தது.

இந்திய நாட்டில்

1796-ஆம் ஆண்டில் அவருடைய படைப்பிரிவு இந்தியாவிற்கு அனுப்பப்பட்டது. அதன் தலைவர், பின்னாளில் நெப்போலியனை வென்று வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெசுலி ஆவார். 1799-இல் மைசூர்ப் போர் மூண்டபோது லாம்டனும் சீரங்கப்பட்டணம் சென்றார். ஓர் இரவு தளபதி பெயர்டு என்பவர் ஒரு படையை நடத்திச் சென்றார். இருளில் திசை தவறியது. வானத்து விண்மீன்களை நோக்கிய லாம்டன், படை தன் பாசறைக்குத் திரும்பாமல் திப்புவின் பாசறையை நோக்கிச் செல்லுகின்றது என்று எடுத்துரைத்தார். தளபதி முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஒளியேற்றித் திசைகாட்டியைப் பார்த்தபோது, லாம்டன் கூறியதே மெய் என்பது புலனாயிற்று.

போர் முடிந்தது. மைசூரும் அதனைச் சார்ந்திருந்த கொங்கு நாடும் கும்பினியின் கைப்பட்டன. வென்ற நாட்டை ஆளவும், வரி தண்டவும், படை செலுத்தவும் கும்பினிக்கு நிலப்படங்கள் தேவைப்பட்டன. லாம்டன் எண்ணியதோ அதனினும் பெரிது. கீழ்க்கடல் முதல் மேல்கடல்வரை ஒரே தொடராக அளந்து, ஒவ்வோர் ஊரின் இருப்பிடத்தையும் பிழையின்றி நிறுவ வேண்டும்; அவ்வளவையைக் கொண்டே இந்நிலவுலகின் வடிவத்தையும் ஆராய வேண்டும் என்று அவர் கருதினார். அவர் வகுத்தளித்த திட்டத்தை வெல்லெசுலியும் சென்னை ஆளுநரும் ஆதரித்தனர்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. வீண் செலவு என்று இகழ்ந்தோர் பலர். சீரங்கப்பட்டணம் செல்ல விரும்புவோர் பல்லக்குச் சுமப்போரிடம் கூறினால் போதும், லாம்டனின் படம் எதற்கு என்று சென்னை அரசின் நிதிக் குழுவினர் ஒருவர் எள்ளி நகையாடினார். லாம்டன் சினவாமல் தம் பணிக்குரிய கருவிகளைத் தேடலானார்.

கருவிகளின் வரலாறு

அக்கருவிகளின் வரலாறு கதைபோன்று சுவையுடையது. நிலத்தை அளக்கும் எஃகுச் சங்கிலி ஒன்றும், உச்சிவானத்து விண்மீன்களை அளக்கும் கருவி ஒன்றும் கல்கத்தாவிற் கிடைத்தன. இவை சீனப் பேரரசருக்குப் பரிசளிக்க ஆங்கிலத் தூதுக் குழுவினர் கொண்டுசென்ற பொருள்களைச் சேர்ந்தவை. அரசர் ஏற்காமையால் அவை இந்தியாவை அடைந்தன. ஒருவர் வேண்டா என்று ஒதுக்கிய பொருள் மற்றொருவருக்கு மணியாயிற்று.

கோணம் அளக்கும் பெருங்கருவியாகிய தியோடலைட்டு இலண்டன் மாநகரில் கேரி என்பவரால் செய்யப்பட்டது. அதன் வட்டத்தட்டின் குறுக்களவு 36 அங்குலம்; எடை ஏறத்தாழ அரை டன். கடல்வழியே வரும்போது பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதனைக் கைப்பற்றி மொரீசியசுத் தீவிற்குக் கொண்டுசென்றது. இரு நாடுகளும் பகைகொண்டிருந்த காலம் அது. ஆயினும் அக்கருவி அறிவுப் பணிக்குரியது என்பதை உணர்ந்த பிரெஞ்சு ஆளுநர், அதனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

முதல் அடிக்கோடு

1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் அளவைப்பணி தொடங்கிற்று. தெற்கே பெரும்பாக்கம் நோக்கி ஏழரை மைல் நீளமுள்ள நேர்க்கோடு ஒன்று வகுக்கப்பட்டது. 100 அடி நீளமுள்ள சங்கிலியை ஏறத்தாழ 400 முறை அடுத்தடுத்து வைத்து அதனை அளந்தனர். சங்கிலி தரையிற் படாமல் முக்காலிகளின்மேல் அமைந்த மரப்பெட்டிகளில் கிடந்தது. வெயிலில் எஃகு நீளும், குளிர்ச்சியிற் சுருங்கும். ஆகவே பெட்டிகளில் வெப்பமானிகளை வைத்து, வெப்பநிலைக்கேற்ப நீளத்தைத் திருத்திக் கணக்கிட்டனர். கத்திரி வெயிலில் ஏழரை மைலைக் கடக்க ஆறு வாரங்கள் ஆயின. நடந்து செல்வோர் மூன்று மணி நேரத்திற் கடக்கும் தொலைவிற்கு இத்துணை நாளா என்று வியப்புத் தோன்றலாம். அவ்வியப்பிற்கு விடை முக்கோணத்தின் இயல்பில் உள்ளது.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால், மற்றை இரு பக்கங்களையும் கணக்கினால் அறியலாம். அடிக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று தொலைவில் உள்ள ஒரு குன்றின்மேல் நாட்டிய கொடியை நோக்கினால், அக்குன்றின் தொலைவு விளங்கும். அத்தொலைவே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக, சங்கிலி படாமலே நாடு முழுவதையும் அளந்து செல்லலாம். குன்றின் உச்சி எவ்வளவு ஏற்றமாகத் தோன்றுகின்றது என்பதையும் அளந்தால் அதன் உயரமும் கிடைக்கும். ஆனால் நிலம் உருண்டையானது. ஆதலால் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொருள் நோக்குவோரின் சமக்கோட்டிற்கு ஏறத்தாழ 31 மீட்டர் தாழ்ந்து கிடக்கும். காற்றினூடே வரும் ஒளியோ வளைந்து வந்து, அதனைச் சற்று உயர்த்திக் காட்டும். இவ்விரண்டையும் கணக்கிற் சேர்த்தாலன்றி உயரம் சரியாகாது.

இம்முறையில் எல்லாம் முதற்கோட்டையே சார்ந்து நிற்கும். கடைக்கால் கோணினால் மாளிகை கோணும். முதல் ஏழரை மைலில் புகுந்த சிறு பிழை, முக்கோணந்தோறும் வளர்ந்து, நூறு மைல் கடந்தபின் பெரும்பிழையாக நிற்கும். அதனால்தான் லாம்டன் ஓர் அங்குலத்தையும் எளிதாகக் கருதவில்லை.

கணக்கு வழுவிற்றா என்று சோதிக்கவும் அவர் ஒரு வழி வகுத்தார். முக்கோணங்கள் தொலைவாகச் சென்றபின், அங்கே மற்றோர் அடிக்கோட்டினைச் சங்கிலியால் நேரே அளந்தார். கணக்கிற் கிடைத்த நீளமும் சங்கிலி காட்டிய நீளமும் ஒத்திருத்தல் வேண்டும். 1804-இல் பெங்களூர் அருகே அளந்தபோது, ஏழு மைலிற்கு மேற்பட்ட கோட்டில் வேறுபாடு சில அங்குலமே இருந்தது. மேல்கடலை எட்டியபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நிலத்தின் அகலம் 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. உண்மையில் அது 360 மைலே. நாற்பது மைல் நிலம் படத்தில் மட்டும் இருந்தது, நாட்டில் இல்லை. எள்ளியோர் வாயடைத்தனர்.

கொங்கு நாட்டில்

கிழக்கு மேற்கு அளவைக்குப்பின் லாம்டன் வடக்குத் தெற்காக ஒரு நெடுந்தொடரை அமைக்கலானார். அது பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கிக் கொங்கு நாட்டை அடைந்தது. 1806-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. லாம்டனின் ஏடுகளில் பச்சாபாளையம் எனக் கொள்ளத்தக்க பெயருடன் காணப்படும் ஊரில் விண்மீன்களை நோக்கும் நிலையம் அமைந்தது.

அந்நாளைய கொங்கு நாட்டில் ஆலைப்புகை இல்லை. பின்னலாடைத் தொழிலும் இல்லை. கவலை இறைக்கும் கிணறுகளும், பருத்தி விளையும் கரிசற் காடுகளும், கைத்தறி ஒலிக்கும் சிற்றூர்களுமே இருந்தன. சிவன்மலை, சென்னிமலை, ஊதியூர்மலை போன்ற குன்றுகள் ஆங்காங்கே தனித்து எழுந்து நிற்கும் திறந்த நிலம் இது. தொலைநோக்கியால் நெடுந்தூரம் காண்பதற்கு ஏற்ற நாடு. ஆனால் நாட்டு மக்களின் உள்ளம் அமைதியுற்ற காலம் அன்று. கும்பினியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது முந்திய ஆண்டாகிய 1805-இல்தான். அத்துயர் ஆறுமுன்னே கும்பினியின் ஆட்கள் குன்றுகளின்மேல் கொடி நாட்டுவதையும் கண்ணாடி பொருத்திய கருவியால் ஊர்களை நோக்குவதையும் கண்ட மக்களுக்கு அச்சமும் ஐயமும் எழுந்திருத்தல் இயல்பே.

பகலில் கோணங்களை அளந்த லாம்டன் இரவில் வானத்தை அளந்தார். உச்சிவானத்தைக் கடந்து செல்லும் விண்மீன்களை நாள்தோறும் நோக்கி, பல நோக்குகளின் சராசரியைக் கொண்டு நிலையத்தின் அட்சரேகையைக் கணித்தார். அவர் கண்ட அளவு 10 பாகை 59 கலை 48 விகலையை ஒட்டியது. பல்லடத்தையும் காங்கேயத்தையும் ஒட்டிச் செல்லும் குறுக்குக்கோடே அது. ஒரு விகலை என்பது நிலத்தில் ஏறத்தாழ 31 மீட்டரே. ஒரு தோட்டத்தின் அகலங்கூட இல்லாத அச்சிறு வேறுபாட்டையும் அவர் விண்மீன்களைக்கொண்டு கண்டறிய முயன்றார்.

இங்கிருந்து குமரிமுனைப் பகுதிவரை வானத்தால் அளந்த பாகையும், நிலத்தால் அளந்த மைலும் ஒப்பிடப்பட்டன. ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்பது அதனால் விளங்கும். நிலநடுக்கோட்டை அடுத்து அது குறைந்தும், துருவங்களை நோக்கிச் செல்லச்செல்ல வளர்ந்தும் இருப்பின், நிலவுலகம் முனைகளில் தட்டையானது என்பது உறுதிப்படும். கொங்கு நாட்டுப் புன்செய்க் காட்டில் ஊன்றிய முளை, இவ்வாறு உலகின் வடிவத்தை அறிவதற்கும் துணையாயிற்று.

தஞ்சையில் நேர்ந்த இடர்

தஞ்சை நாடு கொங்கு நாட்டைப் போன்றதன்று. குன்றே இல்லாத வயல்வெளி. எங்கும் தென்னையும் பனையும் செறிந்து பார்வையை மறைக்கும். அங்கே கோயில்களின் உயரமே குன்றாகப் பயன்பட்டது. 1808-ஆம் ஆண்டு தஞ்சைப் பெருவுடையார் கோயிலின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினர். கருவி சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள கருவி வீசுண்டு கற்சுவரில் மோதியது. அதன் வட்டத்தட்டு வளைந்தது.

நுண்கோணம் அளக்கும் வட்டம் வளைந்தபின் அது வெறும் பித்தளையே. கப்பல் ஏறி வேறொன்று வருவதற்கு ஆண்டுகள் ஆகும். பணியைக் கைவிடுவதற்கு அதனினும் தக்க காரணம் வேண்டியதில்லை. வளைந்த கருவியையே கொண்டு ஒருவாறு அளந்து முடிப்பதற்கும் வழி இருந்தது. அதனை அறிந்து வினவுவோர் எவரும் இலர். லாம்டன் இரண்டையும் செய்யவில்லை. கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். கூடாரத்தினுட் புகுந்து, கைவல்ல கொல்லர்களைத் தவிர ஏனையோரை உள்ளே விடாமல், ஆறு வாரங்கள் உழைத்தார். பலகையின்மேல் வட்டத்தின் உண்மை அளவை வரைந்து, ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு, வளைந்த தட்டினை இழையிழையாக இழுத்துப் பழைய வடிவிற்குக் கொணர்ந்தார்.

செம்மையாயிற்று என்று தாமே கூறிக்கொண்டால் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். 1809-இல் பாளையங்கோட்டைப் பகுதியில் மீண்டும் சங்கிலியைத் தரைக்குக் கொணர்ந்து புதிய அடிக்கோடு ஒன்றை அளந்து தம் வேலையைச் சோதித்தார். அதன்பின்னும் அக்கருவி பல்லாண்டு உழைத்தது.

வடக்கு நோக்கி

தென்முனையை எட்டிய லாம்டன் பின்னர் வடக்கே திரும்பினார். 1811-இல் கூத்தியிலும், 1815-இல் பீதர்ப் பகுதியிலும் அடிக்கோடுகள் அளந்தார். 1817-இல் இலண்டன் அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1818-இல் அவருடைய பணி இந்தியப் பெரு முக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் ஜார்ஜ் எவரெஸ்ட்டு என்னும் இளைஞர் துணைவராக வந்து சேர்ந்தார்.

எழுபதை எட்டிய வயதிலும் லாம்டன் ஓய்வு கொள்ளவில்லை. அளவை நிலையத்தை நாகபுரிக்கு மாற்றும் பொருட்டுப் பயணம் செய்கையில், 1823-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், ஹிங்கன்காட் என்னும் ஊரில் காலமானார். அவருடைய உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

இப்பணி ஒருவரால் மட்டும் நடந்ததன்று. கருவிகளைத் தோளிற் சுமந்தோரும், குன்றேறிக் கொடி நாட்டியோரும், மரம் வெட்டி வழி திறந்தோரும், தஞ்சையிற் கயிறு பிடித்தோரும் இந்நாட்டு மக்களே. காட்டுக் காய்ச்சலாலும் கொடுவிலங்குகளாலும் உயிர் நீத்தோர் பலர். அளவைக் கணக்கில் ஒவ்வொரு குன்றின் பெயரும் உள்ளது. இவர்களுள் மிகப் பலருடைய பெயர் இல்லை. லாம்டனைப் போற்றும்போது இவர்களையும் நினைத்தல் கடனாகும்.

பணியின் தொடர்ச்சி

லாம்டன் தொடங்கிய நெடுந்தொடரை எவரெஸ்ட்டு இமயத்தின் அடிவாரம்வரை கொண்டுசென்றார். பின்னர் 1852-இல் வங்க நாட்டுக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தார் இமயத்தின் ஒரு கொடுமுடி 29,002 அடி உயரமுடையது என்று கணித்தார். அதுவே உலகின் மிக உயர்ந்த சிகரம். 2020-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 8,848.86 மீட்டர். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது மீட்டரே. அச்சிகரத்தின்மேல் அந்நாளில் மனிதர் எவரும் கால் வைத்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அளப்போர் வானத்தில் ஏறினர். விமானத்திலிருந்து அடுத்தடுத்து நிழற்படங்கள் எடுக்கப்பட்டன. ஒரு படத்தில் விழுந்த நிலத்தின் நூற்றில் அறுபது பங்கு அடுத்த படத்திலும் விழுமாறு அவை அமையும். ஒரே குன்றை விமானம் ஈரிடங்களிலிருந்து காண்கின்றது. உயர்ந்த உச்சி விமானத்திற்கு அருகில் இருப்பதால், இரு படங்களுக்கிடையே மிகுதியாக இடம்பெயரும். தாழ்ந்த நிலம் குறைவாகப் பெயரும். பேருந்திலிருந்து கண்ட பனைமரமும் குன்றும் போன்றதே இது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். தரைக்கு மேல் 3,000 மீட்டர் உயரத்திற் செல்லும் விமானம் 1,800 மீட்டருக்கு ஒரு படம் எடுக்கின்றது. படக்கருவியின் குவியத்தூரம் 150 மில்லிமீட்டர். சமநிலம் இரு படங்களுக்கிடையே 90 மில்லிமீட்டர் இடம்பெயரும். 120 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சியோ 93.75 மில்லிமீட்டர் பெயரும். மிகுதியாகவுள்ள 3.75 மில்லிமீட்டரே குன்றின் உயரத்தைச் சொல்லிவிடும். அதனை அளக்கையில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிழைத்தால் உயரத்தில் மூன்று மீட்டருக்குமேல் பிழை புகும். லாம்டன் அஞ்சிய சிறு பிழை வானத்தில் ஏறியபின்னும் விடவில்லை.

அன்றியும், வானத்துப் படங்கள் தாமே உயரத்தைக் கூறமாட்டா. தரையில் சில இடங்களின் இருப்பும் உயரமும் முன்னரே பிழையின்றி அளக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவற்றோடு பொருத்தியே ஏனைய இடங்களின் உயரத்தைக் காண்பர். 2005-இல் இந்தியா விண்ணில் செலுத்திய கார்ட்டோசாட்-1 என்னும் செயற்கைக்கோளும், முன்னும் பின்னும் சாய்ந்த இரு படக்கருவிகளால் ஒரே நிலத்தை இருமுறை கண்டது. கருவி மாறினும் நெறி மாறவில்லை.

உயரத்தை அறிவதனால் உழவருக்கும் தொழிலாளருக்கும் என்ன பயன் என்று வினவலாம். பரம்பிக்குளம் ஆழியாற்று நீர் பல்லடம், காங்கேயம் பகுதிகளின் வயல்களுக்கு வருகின்றது. வாய்க்காலின் தரை வழிநெடுகச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து சென்றாலன்றி நீர் ஓடாது. தாழ்வு குறைந்தால் நீர் தேங்கும். மிகுந்தால் கரையை அரிக்கும். மனிதர் பிழையான அளவையும் நம்புவர், நீர் நம்பாது. சாலையும் பாலமும் அணையும் சரியான அளவையின் மேலேயே நிற்கின்றன.

முடிவுரை

லாம்டன் அளந்த அடிக்கோட்டின்மேல் இன்று உழவும் தறியும் நடைபெறுகின்றன. அக்கோட்டினைக் கண்ணாற் காண இயலாது. ஆயினும் அவர் விட்டுச்சென்ற நெறி மறையவில்லை. ஒருமுறை அளந்ததை நம்பி அமராமல் மறுமுறையும் அளந்து பார்த்தார். தம் கருவி பழுதுற்றபோது அதனை மறைக்காமல் செம்மை செய்தார். செம்மை செய்ததையும் மீண்டும் சோதித்தார். பிறர் காணாத இடத்திலும் தம் வேலை பிழையின்றி இருத்தல் வேண்டும் என்னும் அவ்வுறுதியே அவருடைய பெருமை. ஏடு எழுதுவோரும், நூல் பின்னுவோரும், நிலம் உழுவோரும் ஒருங்கே கைக்கொள்ளத்தக்க அறம் அது.